கிறிஸ்துமஸ் தாத்தாவின் வீடு

ராயப்பேட்டையில் எங்கள் தேவாலயப் பங்கின் கிறிஸ்துமஸ் தாத்தா பல்டி அடிப்பார். பிற பங்குகளில் தாத்தா மிட்டாய் கொடுத்துக் கைகுலுக்குவதோடு சரி. இங்கோ, டிரம் முழங்கியதும் கைகளை ஊன்றிச் சக்கரம்போல் சுழல்வார்; பிறகு ஒற்றைக் கால் நுனியில் நின்று, பாலே நடனம் ஆடுபவரைப்போல் மெல்லத் திரும்புவார். முகமூடிக்குள் இருப்பவர் ஜொவிட்டா என்ற பெண் என்பது குழந்தைகளைத் தவிர அனைவருக்கும் தெரியும்.

இளமையில் மாநில அணிக்காக ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடியவர் ஜொவிட்டா. இப்போது அடையாற்றில் ஒரு பயிற்சிக்கூடத்தில் பணிபுரிகிறார். பாலே இல்லாமல் பல்டி இல்லை என்பது அவர் பழகிய முறை. கம்பியைப் பிடித்து முழங்காலை மடக்கி நிமிர்வதும், பாதத்தை விரல் நுனிவரை நீட்டுவதும் படிந்த பிறகே தாவலாம். பாலே ஆடுபவர் தலைதாழ்த்தி விடைபெறுவதுபோல, ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடுபவர் இரு கைகளையும் உயர்த்தி நடுவர்களை நோக்கி நிற்க வேண்டும். விழுந்தாலும் எழுந்து அப்படித்தான் நிற்க வேண்டும்.

தாய் இறந்தபின் தனித்து வாழ்ந்த அவருக்கு டிசம்பர் மாதக் கேரல் குழுவே சுற்றமாக இருந்தது. குழு வீடுவீடாகச் சென்று பாடும்; குழுவை நடத்தும் நோயல் ஏந்திவரும் குழந்தை இயேசு சிலையான சுரூபத்தை வீட்டார் முத்தமிடுவர். ஜொவிட்டாவின் வாசலில் மட்டும் குழு நிற்பதில்லை. வீட்டுக்காரரே தாத்தாவாகத் தெருவில் ஆடும்போது, பூட்டிய கதவின் முன் எதற்குப் பாட வேண்டும்? நாளடைவில் அதுவே வழக்கமாயிற்று.

இவ்வாண்டு அவருடைய முழங்கால் சவ்வு கிழிந்தது. வேடத்தைக் குழுவில் பாடும் இளைஞர் மேத்யூவிடம் ஒப்படைத்தபோது வருத்தத்தோடு ஓர் ஆசையும் பிறந்தது: இம்முறை தாம் வீட்டில் இருப்பதால், தம் வாசலிலும் பாடுவார்கள். குழுவினரிடம் அதை அவர் சொல்லவில்லை. கேரல் தானாக வர வேண்டும். அழைத்து வரவழைப்பது முறையன்று.

கேரல் குழு தெருவுக்கு வரும் நாளன்று மாலை, தம் மாடி வீட்டில் நட்சத்திர விளக்கைக் கட்டினார். மாடியில் இருந்தபடியே கீழ்வீட்டுக் கமர் ஜஹானிடம் நாற்காலிகள் கேட்டார்.

"இவ்ளோ சேர் இன்னாத்துக்குக்கா? பொண்ணு பாக்க வராங்களா?"

"போடி. கேரல்ஸ் வராங்க."

டிரம் ஒலி நெருங்கியது. ஜொவிட்டா மாடிக் கைப்பிடியைப் பற்றி நின்றார். கீழே ஒற்றைக் காலில் சுழல முயன்ற மேத்யூ, தாடி ஒருபுறமும் தொப்பி ஒருபுறமுமாகச் சாலையில் உட்கார்ந்துவிட்டார். தெருவே சிரித்தது.

நோயல் நிமிர்ந்து பார்த்தார். "அக்கா! சும்மாதான கீற? எறங்கி வந்து இவனுக்கு ஒரு சுத்து காட்டு!"

"படி எறங்க முடியாதுடா. நீங்க மேல வாங்க. கேக் வெட்டி வெச்சிக்கீறேன்."

"நம்ம வீடுதானக்கா, எங்க போயிடப் போவுது? பீட்டர்ஸ் ரோட்டுல ஜனங்க காத்துக்கினு கீறாங்க. தப்பா நெனச்சிக்காத!"

துண்டில் பொதிந்த சுரூபத்தோடு அவர் முன்னே நடந்தார். மேத்யூ இன்னும் எழவில்லை.

"மேத்யூ! விழுந்தா அப்படியே ஒக்காந்துடாத. எழுந்து ரெண்டு கையையும் தூக்கு!" என்றார் ஜொவிட்டா.

மேத்யூ எழுந்து கைகளை உயர்த்தினார். குழந்தைகள் கைதட்டினர். டிரம் ஒலி தெருமுனையில் திரும்பித் தேய்ந்தது.

ஜொவிட்டா உள்ளே வந்தார். வரிசையாகப் போட்டிருந்த காலி நாற்காலிகளை நோக்கி, முதுகை நிமிர்த்தி, இரு கைகளையும் உயர்த்திச் சற்று நேரம் நின்றார். பிறகு அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார்.