கத்தி தொடாத மாதம்

பெய்லானுக்கு உட்காரத் தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக என் பன் கடைக்கு அடுத்த கடையில் முடி வெட்டுகிறாள். தன் கடை நாற்காலியில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நின்றபடி சாப்பிடுவாள், நின்றபடி சண்டை போடுவாள். வருஷக் கடைசி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், ஊரே அவள் வாசலில் நிற்கும். புது வருஷத்தின் முதல் மாதத்தில் எங்கள் பக்கம் யாரும் தலையில் கத்தி வைக்க மாட்டார்கள். வைத்தால் தாய்மாமன் செத்துப்போவான். இரண்டாம் மாதம் இரண்டாம் தேதி, டிராகன் தலை தூக்கும் நாளன்றுதான் மறுபடி கடை திறக்கும். அதுவரை ஊர் முழுக்கப் பரட்டைதான்.

எனக்கு இதில் நம்பிக்கை உண்டா என்று கேட்காதீர்கள். எனக்கு மாமன் யாரும் மிச்சமில்லை, அதனால் வீரமாகப் பேசுவேன்.

இந்த வருஷம் விஷயம், வருஷப் பிறப்புக்கு முன்னால் வீடு துடைக்கும் நாளில் ஆரம்பித்தது. பெய்லானின் புருஷன் கெமிங் ஒட்டடை அடிக்க முக்காலியில் ஏறி, தலைகுப்புற விழுந்தான். "ஒண்ணுமில்ல" என்றான். எந்த ஆண்பிள்ளை வேறு என்ன சொல்லியிருக்கிறான்? வருஷம் பிறந்த மூன்றாம் நாள், தன் தாய்மாமா வீட்டுக்குப் புறப்படப் பழக்கூடையைக் கட்டிக்கொண்டிருந்தவனுக்கு நாக்கு குழறியது, இடது கால் இழுத்தது. நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். துணைக்கு நானும் போனேன். மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, மறுநாள் காலை ஆபரேஷன், தலையைச் சிரைக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"முடியாது. ரெண்டாம் மாசம் ரெண்டாம் தேதி வரேன், அப்ப சிரைங்க" என்றான் கெமிங், குழறிக் குழறி.

"அதுவரைக்கும் நீங்க இருக்க மாட்டீங்க" என்றார் டாக்டர்.

அவன் அசையவில்லை. கத்தியோடு வந்த நர்ஸின் கையைத் தட்டிவிட்டான். எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது. ஆனால் அவன் பயத்துக்கும் ஒரு காரணம் உண்டு. பத்து வயதில், பேன் என்று சொல்லி முதல் மாதத்திலேயே பள்ளிக்கூடத்தில் அவனுக்கு மொட்டை போட்டுவிட்டார்கள். அந்த மாதமே அவன் பெரிய மாமா உறைந்த ஆற்றின் பனி உடைந்து, மூழ்கிச் செத்துப்போனார். மிச்சம் இருப்பது சின்னவர், பாங் மாமா. எண்பத்தொரு வயது. தாயில்லாத கெமிங்கைத் தோளில் போட்டு வளர்த்தவர்.

அன்று சாயங்காலம் ஊசி போட்டு அவன் கண் அசந்ததும், பெய்லான் தன் பையிலிருந்து முடி வெட்டும் மெஷினை எடுத்தாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆயிரக்கணக்கான தலையைப் பார்த்த கை அது, அன்றைக்கு ஒரே இடத்தில் மூன்று தடவை ஓடியது. முடியெல்லாம் துண்டில் விழுந்து முடிந்த பிறகு, "அக்கா, நான் ஒரு மனுஷனுக்காக இன்னொரு மனுஷனைக் குடுத்துட்டேனா?" என்று கேட்டாள்.

"பைத்தியம் மாதிரி பேசாதே" என்றேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் விழித்த கெமிங் தலையைத் தடவினான், அவளைப் பார்த்தான். "மாமாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா, உன் முகத்துல முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். உயிரைக் காப்பாற்றியவளுக்குக் கிடைத்த நன்றி இது.

அன்றிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு பெய்லான் மாமாவுக்கு போன் போடுவாள். கெமிங்குக்குச் சளி, அதனால்தான் வரவில்லை என்று முதல் நாளே ஒரு பொய். அதன்பிறகு முட்டைக்கோஸ் ஊறுகாய்க்கு உப்பு எவ்வளவு, அங்கே பனி பெய்கிறதா என்று தினம் ஒரு சாக்கு. அவர் "ம்" என்று சொல்லிக் கேட்டால்தான் அவளுக்கு அன்றைய சோறு இறங்கும். மற்ற நேரமெல்லாம் மூடிய கடைக்குள் கூட்டிய தரையையே கூட்டிக்கொண்டிருப்பாள். அந்தத் துடைப்பச் சத்தத்தில் எனக்கே தலைவலி வந்தது.

பதினேழாம் நாள் காலை மாமா போனை எடுக்கவில்லை. ஏழரைக்கும் எடுக்கவில்லை. எட்டு மணிக்கு நாங்கள் பஸ்ஸில் இருந்தோம். காலி சீட் நாலு கிடந்தும் பெய்லான் கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தாள். "வாசல்ல சாவுக்கு ஒட்டற வெள்ளைக் காகிதம் இருந்தா நான் உள்ள வர மாட்டேன், நீங்க மட்டும் போங்க" என்றாள்.

தெரு முனையிலேயே நான் எட்டிப் பார்த்துவிட்டேன். வாசலில் வருஷப் பிறப்புக்கு ஒட்டிய சிவப்புக் காகிதமே இருந்தது. கதவு திறந்து கிடந்தது, உள்ளே ஆள் இல்லை. பின்பக்கம் போனால், கிழவர் வெயிலில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரனோடு சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்.

"வாம்மா. போன் ஆட்டுத் தொட்டித் தண்ணியில விழுந்துடுச்சு. செத்திருந்தா ஆள் விட்டுச் சொல்ல மாட்டாங்களா? அதுக்குள்ள என்ன அவசரம்?"

பெய்லான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் கண்ணால் முதல்முறையாகப் பார்த்தேன், அவள் உட்கார்ந்ததை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள்.

"தெரியும்" என்றார் மாமா. "ஆபரேஷன் ஆன மறுநாளே அவன் போன் பண்ணி, மன்னிச்சுடுங்க மாமான்னு ஒரு பாட்டம் அழுதான். நீ உப்பு எவ்வளவுன்னு கேக்கறப்பல்லாம் சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"தினம் என்னோட பேச யாரு இருக்கா? நீயாவது கூப்பிட்டியே." கொஞ்ச நேரம் ஆட்டக் காயை உருட்டிக்கொண்டிருந்தார். "எங்க அண்ணன் குடிச்சுட்டுப் பனி மேல நடந்தான். மயிரா அவனை நடக்கச் சொல்லிச்சு? இத்தனை வருஷம் அந்தப் பையன் இதைச் சுமந்துட்டு இருந்திருக்கான், எனக்குத் தெரியாமப் போச்சு. அவன் போயிருந்தா, நான் தொண்ணூறு வரைக்கும் இருந்து யாருக்கு மாமனா இருக்கறது?"

பிறகு அவர் காதோரம் தொங்கிய முடியை இழுத்துக் காட்டினார். "கத்தரி வெச்சிருக்கியா? வெட்டு. என் மாமன் செத்து நாப்பது வருஷமாச்சு, தைரியமா வெட்டு."

அவள் வெட்டினாள். ஒரு இடத்தையும் இரண்டாவது தடவை தொடவில்லை.

மறுநாளிலிருந்து அவரே கூப்பிட ஆரம்பித்தார், பக்கத்து வீட்டு போனிலிருந்து. "இன்னைக்கும் இருக்கேன்" என்பார், வைத்துவிடுவார். அவ்வளவுதான். மூன்றாம் நாள், அதற்குள் வீடு திரும்பியிருந்த கெமிங் அந்த போனைத் தானே எடுத்தான். அதற்கு அடுத்த நாள் பெண்டாட்டிக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தான். அதற்குமேல் அவனிடம் எதிர்பார்க்க முடியாது.

இரண்டாம் மாதம் இரண்டாம் தேதி விடியும்போதே பெய்லான் கடை வாசலில் முப்பது பரட்டைத் தலைகள். சரியாக ஏழு மணிக்கு போன் அடித்தது. கையில் கத்தரியோடு ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாசம் முடிஞ்சுது" என்றது கிழவரின் குரல், தெருவுக்கே கேட்கும்படி. "இனிமே நான் எப்பச் செத்தாலும் அது என் சொந்தச் சாவு. உன் கத்திக்கு அதுல பங்கு கிடையாது, கேட்டுக்கோ."

பெய்லான் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வரிசையில் முதல் ஆளை உட்காரச் சொன்னாள்.