மழைச்சீட்டுக்கு நான் எழுதிய எட்டுக் கருத்துகள்

என் தோழி ஸ்டெல்லா உருவாக்கிய கணினி விளையாட்டைப் பற்றி, ஆடிப் பார்த்தவர்கள் எழுதித் தந்த கருத்துகளை நான் கிழித்து எறிந்தேன். அவர்கள் எழுதியதாக நானே பொய்க் கருத்துகளை எழுதி அவளிடம் கொடுத்தேன். அவள் நம்பினாள்.

இதுதான் நான் செய்த குற்றம். என் கணவருக்குத் தெரியாது. என் அண்ணனுக்குத் தெரியாது. உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

சிரிக்காதீர்கள்! ஒரு விளையாட்டு, எட்டுத் தாள்... இதற்கா இத்தனை பாடு என்று நினைக்கிறீர்கள், இல்லையா? நானும் அப்படித்தான் எனக்கே சொல்லிப் பார்த்தேன். ஆண்டுக்கணக்கில் சொல்லிப் பார்த்தேன். பலிக்கவில்லை.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்த காலம். திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் என் அண்ணன் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். ஒட்டுப்பலகைத் தடுப்புகளுக்கு இடையே ஆறு கணினிகள். எங்கள் வீடு பேகம்பூரில். அத்தாவுக்கு, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. கணினிப் பட்டம் வாங்கிவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த நான், பகல் முழுவதும் சென்டரில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன்.

ஸ்டெல்லா என்னோடு படித்தவள். வத்தலக்குண்டிலிருந்து காலைப் பேருந்தில் வருவாள். பையில் ஒரு வரைதாள் கட்டு இருக்கும், அவ்வளவும் சீட்டுகள். வண்ணப் பென்சிலால் அவளே வரைந்தவை. வெயில் சீட்டு, புழுதிச் சீட்டு, பாறைச் சீட்டு, ஆடிக்காற்றுச் சீட்டு, கருவேலமுள் சீட்டு... மொத்தம் நாற்பத்திரண்டு. அவற்றை எங்கள் ஸ்கேனரில் ஏற்றி, இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளைக் கொண்டு அவள் ஒரு விளையாட்டை உருவாக்கினாள். பெயர் மழைச்சீட்டு.

மழையை அரக்கர்கள் சிறைபிடித்துவிட்ட ஒரு நாடு. அதன் இளவரசி ஊர் ஊராகப் போய்ச் சீட்டுகளைச் சேர்க்கிறாள். சீட்டுகளை வீசித்தான் அரக்கர்களை வெல்ல வேண்டும். ஒரு சீட்டை ஒருமுறை வீசினால் அது எரிந்துபோகும். பிறகு ஆட்டம் முடியும்வரை திரும்பக் கிடைக்காது. ஆகவே ஒவ்வொரு முறையும் கை தயங்கும். எதை இழப்பது, எதை வைத்துக்கொள்வது... அந்தத் தயக்கம்தான் ஆட்டமே!

கதையும் வசனமும் நான். என் இளவரசி ஒவ்வோர் ஊர் எல்லையிலும் நின்று பக்கம் பக்கமாகப் பேசுவாள். கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கியவள் அல்லவா நான்! அந்த மென்பொருளுக்குத் தமிழ் எழுத்து ஒத்துவராது, கட்டம் கட்டமாகக் காட்டும். ஆகவே ஸ்டெல்லா என் வசனங்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து, படமாக மாற்றி, உரிய இடத்தில் ஒட்டினாள். முந்நூறுக்கும் மேல்! ஒருநாளும் அவள் முகம் சுளித்ததில்லை. இதை நினைக்கும்போது...

சரி, சொல்லிவிடுகிறேன்.

சென்னையில் கைப்பேசி விளையாட்டுகள் செய்யும் ஒரு சிறு நிறுவனம் அவளை நேரில் வரச் சொல்லியிருந்தது. விளையாட்டோடு, ஆடிப் பார்த்தவர்களின் கருத்தையும் எழுத்தில் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். இரண்டு கணினிகளில் மழைச்சீட்டை ஏற்றிவிட்டு ஸ்டெல்லா என்னிடம் வெற்றுத்தாள்களைக் கொடுத்தாள்.

"நான் பக்கத்துல நின்னா மூஞ்சிக்கு நேரா நல்லாருக்குன்னுதான் சொல்வாங்க. நான் ரெண்டு வாரம் வரமாட்டேன். நீ வாங்கி வை ரசி. திட்டி எழுதியிருந்தாலும் அப்படியே குடு, என்ன?"

"சரிடி" என்றேன்.

அந்த இரண்டு வாரத்தில் எட்டுப் பேர் எழுதித் தந்தார்கள்.

பாலிடெக்னிக் மாணவர் ஒருவர்: "சீட்டு எரியிறது சூப்பர். பாறைச் சீட்ட அவசரப்பட்டுப் போட்டுட்டு ஒருநாள் பூரா வருத்தப்பட்டேன். பேசுற எடம் ரொம்ப நீளம். தாண்டிப்போக ஒரு பட்டன் வச்சா நல்லது."

செவிலியர் படிப்புப் படிக்கும் பெண் ஒருத்தி: "படமெல்லாம் நம்ம ஊரு மாதிரியே இருக்கு. இளவரசி பேசும்போது மட்டும் தூக்கம் வருது."

மற்றவர்களும் ஏறக்குறைய இதையேதான் எழுதியிருந்தார்கள். சீட்டு அருமை, கதை சள்ளை.

கடைசித் தாள் கணேசன் என்பவருடையது. முப்பது வயதிருக்கும். பார்சல் ஆபீஸில் வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து, பத்து நாள் விடாமல் ஆடி, ஆட்டத்தை முடித்த ஒரே ஆள் அவர்தான். தாளின் இரண்டு பக்கமும் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தார். எந்த அரக்கனுக்கு எந்தச் சீட்டை மிச்சம் பிடித்தார், எங்கே ஏமாந்தார், எங்கே கைதட்டினார்... எல்லாம். கடைசியில் ஒரு வரி.

"இந்தக் கதைய எழுதினவரு ஆட்டத்த ஒருதடவகூட ஆடிப் பாக்கலைன்னு தோணுது."

உண்மை! நான் ஆடிப் பார்த்ததே இல்லை. இரண்டாவது ஊரைக்கூடத் தாண்டியதில்லை. என் வசனங்கள் திரையில் அழகாக வருகின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடுவேன். பேசிப் பழகாத ஒரு மனிதர் அதை எப்படிக் கண்டுபிடித்தார்? காது மடல் வரை சூடேறியது. இந்தத் தாள்களை ஸ்டெல்லா படிப்பாள். படித்துவிட்டு என்னைப் பார்ப்பாள். பிறகு, தயங்கித் தயங்கி, "கொஞ்சம் சுருக்கலாமா ரசி?" என்பாள்...

அதைத் தாங்க முடியாது என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்குமோ என்று எத்தனையோ நாள் தேடிப் பார்த்தேன். இல்லை!

எட்டையும் கிழித்தேன். வாசலில் ஓடிய சாக்கடையில் போட்டேன். பிறகு எட்டுத் தாள்களை எடுத்து, வேறு வேறு பேனாவால், சிலவற்றை இடக்கையால், எழுதினேன். சீட்டுகள் மிக அதிகம், குழப்புகின்றன. வீசிய சீட்டு எரிந்துபோவது எரிச்சலூட்டுகிறது. ஆனால் கதை மனத்தை வருடியது. இளவரசி இன்னும் பேச மாட்டாளா என்று ஏங்கினேன்...

ஸ்டெல்லா திரும்பி வந்து படித்தாள். முதல் தாளை எடுத்து மறுபடியும் படித்தாள். பிறகு, "நமக்குப் பிடிச்சது அவங்களுக்குப் பிடிக்கல. ஆடுறவங்க சொல்றதுதானே சரி" என்றாள். கொஞ்சம் சிரித்தாள்கூட. "ஒனக்குத்தான் வேல வந்திருக்கு. இன்னும் எழுதணுமாம்!"

மறுநாளே வெட்டத் தொடங்கினாள். நாற்பத்திரண்டு சீட்டு பன்னிரண்டு ஆனது. வீசிய சீட்டு திரும்பக் கைக்கே வந்துவிடும்படி மாற்றினாள். ஆடிக்காற்றுச் சீட்டை நீக்கும்போது மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது ஒண்ணாச்சும் இருக்கட்டுமா?" என்று கேட்டாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவங்கதான் அதிகம்னு சொல்லியிருக்காங்களே."

ஐந்து வாரம் அந்த வேலை நடந்தது. ஐந்து வாரமும் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். எந்த நாளிலும் வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. புதிய வசனங்கள் எழுதிக்கொண்டிருந்தேன்... மகிழ்ச்சியாக! ஆமாம், மகிழ்ச்சியாகத்தான் இருந்தேன். இதையும் மறைக்கப்போவதில்லை.

சென்னைக்குப் போய்விட்டு வந்த ஸ்டெல்லா, நேரே சென்டருக்குத்தான் வந்தாள்.

"கேம் எங்கம்மா இருக்கு, வெறும் பேச்சுத்தானே இருக்குன்னு கேட்டாங்க" என்றாள். "அதுகூடப் பரவால்ல ரசி. இந்தத் தாளெல்லாம் பாத்தாங்க. எட்டுல அஞ்சுல 'மனத்தை வருடியது'ன்னு இருக்காம். உங்க ஊரு பஸ் ஸ்டாண்டுல எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்களான்னு ஒருத்தர் சிரிச்சாரு. நானே எழுதிக்கிட்டு வந்துட்டேன்னு நெனச்சுட்டாங்க. இன்னொரு தடவ ஏமாத்த வராதீங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

சொல்லும்போது அவள் அழவில்லை. கைக்குட்டையை நான்காக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

ஏமாற்றுக்காரி! என் எழுத்துக்கு அவள் வாங்கி வந்த பட்டம் அது.

"ஒரே ஆளு வேணும்னே எழுதிக் குடுத்திருப்பானோ?" என்று அவள்தான் கேட்டாள். நான் அவசரமாகத் தலையாட்டினேன். "இருக்கும்... அந்தப் பார்சல் ஆபீஸ்காரர்தான் எந்நேரமும் உக்காந்து ஆடிக்கிட்டிருந்தாரு."

பாருங்கள், எவ்வளவு எளிதாக வந்தது!

அவருடைய கெட்ட நேரமோ என்னவோ, அன்று மதியமே கணேசன் வந்தார். உள்ளே நுழையும்போதே, "நேத்து வந்து ஆடிப் பாத்தேன். என்ன தங்கச்சி, ஆட்டத்த இப்படி மாத்திட்டீங்க? முன்னாடி அம்புட்டு நல்லா இருந்துச்சே!" என்றார்.

ஸ்டெல்லா எழுந்தாள். "நல்லா இருந்துச்சா? அண்ணே, நீங்க எத்தன தாள் எழுதிக் குடுத்தீங்க?"

"ஒண்ணுதான். ரெண்டு பக்கமும்."

அவள் எட்டுத் தாள்களையும் மேசைமேல் பரப்பினாள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இதுல எதுவும் என் எழுத்து இல்லீங்களே" என்றவர், என் பக்கம் திரும்பினார். "ஒங்க கையிலதானே குடுத்தேன் தங்கச்சி?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"இல்லையே" என்றேன். "நீங்க எதுவும் குடுக்கலையே."

கணேசன் கையிலிருந்த தாளை மேசைமேல் வைத்தார். என் முகத்தையே பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது எனக்குப் புரிந்தது. ஒரு சொல்... ஒரே ஒரு சொல் அவர் சொல்லியிருந்தால் அன்றே எல்லாம் வெளிவந்திருக்கும். ஏனோ சொல்லவில்லை.

"சரிங்க. அப்ப நான் குடுக்கலதான்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பிறகு எங்கள் சென்டருக்கு அவர் வரவே இல்லை.

ஸ்டெல்லா தாள்களை அடுக்கினாள். "அவரு ஏன் பொய் சொல்லணும் ரசி?"

"தெரியலடி."

"ம்..." என்றாள். "செத்த நேரத்துல பஸ் இருக்கு. வாரேன்."

'மனத்தை வருடியது' என்ற சொல் என் இளவரசியின் வசனத்திலும் இரண்டு இடத்தில் வரும். அதைத் தட்டச்சு செய்து ஒட்டியவள் அவள். அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்திருந்தால் ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருப்பேனா, இன்னொரு பொய் சொல்லியிருப்பேனா? இந்தக் கேள்விகளோடுதான் உறங்கப் போகிறேன், இவற்றோடுதான் விழிக்கிறேன்.

அவள் அதற்குப் பிறகு விளையாட்டு எதுவும் உருவாக்கவில்லை. வத்தலக்குண்டிலேயே ஒரு பள்ளியில் கணினி ஆசிரியையாகச் சேர்ந்தாள். திருமணம் ஆனது. நானும் போயிருந்தேன், மேடையில் அவளுக்குப் பக்கத்தில் நின்று சிரித்தேன்.

ஐந்தாறு ஆண்டுகள் கழித்து, சொல்லியே தீருவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வத்தலக்குண்டுக்குப் பேருந்து ஏறினேன். வழியெல்லாம் வாக்கியத்தைக் கோத்துக்கொண்டே போனேன். அவள் ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனாள். மடியில் குழந்தையைக் கொடுத்தாள். தேநீர் கொண்டுவந்தாள்.

அவள் கணவர் நல்ல மனிதர். பேச்சு வாக்கில் என்னிடம் கேட்டார்: "கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க ரெண்டு பேரும் ஏதோ கேமெல்லாம் பண்ணீங்களாமே? இவ சொல்லவே மாட்டேங்குறா."

நான் வாய் திறப்பதற்குள் ஸ்டெல்லா சொன்னாள். "அது ஒண்ணும் நல்லா வரலைங்க. எனக்கு அதெல்லாம் வராதுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

சாதாரணமாகச் சொன்னாள். வருத்தம் இல்லை, குத்தல் இல்லை. மழை பெய்யவில்லை என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டுக் குழந்தையின் வாயைத் துடைத்தாள்.

அவள் அதை நம்புகிறாள்! தனக்கு வராது என்று நம்புகிறாள். அந்த நம்பிக்கையை அவளுக்குள் எழுதி வைத்தவள் நான்.

குற்றத்தை ஒப்புக்கொள்ளக்கூட வேண்டாம். "இல்ல ஸ்டெல்லா, அது நல்லா இருந்துச்சு. ஆடினவங்க எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் எழுதினாங்க"... இதை மட்டும் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. இருவரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டீ நல்லா இருக்கு" என்றேன்.

பேருந்து நிலையம் வரை அவள் கூடவே வந்தாள். சன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, கீழே நின்று என்னைப் பார்த்தாள். "வேற என்னமோ சொல்ல வந்த மாதிரி இருந்துச்சே ரசி?"

"ஒண்ணுமில்லடி."

"சும்மா சொல்லு."

ஓட்டுநர் ஏறி வண்டியைக் கிளப்பிவிட்டார். இரைச்சலில் காது கேட்கவில்லை என்பதுபோல நான் கையை ஆட்டினேன். எனக்குக் கேட்டது. நன்றாகக் கேட்டது! அவள் வண்டியோடு நாலெட்டு நடந்து வந்து, சன்னல் கம்பியைத் தொட்டு, "சொல்லு, சொல்லு" என்றாள்.

நான் கையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.