லூர்து மேரி பார்த்த இரும்பு

லூர்து மேரி மும்பை செம்பூரில் ஒரு நர்சிங் ஹோமில் பதினேழு வருடம் எக்ஸ்ரே எடுத்தவள். வீடு தாராவியில். தமிழில் "அசையாதீங்க", மூச்சைப் பிடிக்க இந்தியில் "சாஸ் ரோக்கோ", ஆடாமல் இருக்க மராத்தியில் "ஹலூ நக்கா" என்று நாள் முழுக்கச் சொல்வதுதான் வேலை. ஓர் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்பவள் அவள். ஆனால் அதைச் சொல்லும் உரிமை அவளுக்குக் கிடையாது. நுரையீரலில் வெள்ளைத் திட்டு தெரிந்தாலும் முகத்தில் எதையும் காட்டாமல், "டாக்டர் சொல்லுவாங்க" என்று அனுப்பிவிடுவாள்.

நர்சிங் ஹோமை மூடியபோது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. சர்ச்சில் கூடப் பாடும் ஒருத்தி சொன்னதன்பேரில், அணுசக்தி நகருக்கு அப்பால் ஒரு லேசர் ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த வேலைக்குப் போனாள். லேசரைப் பற்றி அவர்கள் எதுவும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிகளில் பிலிமுக்குப் பதிலாக வந்த எக்ஸ்ரே பிளேட்டைக் கையாளத் தெரியுமா, அதை ஸ்கேனரில் போட்டுப் படிக்கத் தெரியுமா என்றுதான் கேட்டார்கள். அங்கேயும் அதே பிளேட்தான்.

முதல் நாள் அவளை உள்ளே அழைத்துப்போன விஞ்ஞானியின் பெயர் சாதனா. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள், முப்பதைத் தொட்ட வயது. கல்யாண மண்டபம் போல நீண்ட அறை. வரிசையாக மேசைகள், அவற்றின் மேல் கண்ணாடிகள், குழாய்கள். எல்லாம் போய்ச் சேரும் கோடியில் ஓர் உருக்குக் கோளம். அதற்குள் காற்றை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். கோளத்தின் நடுவே, தேடினால்தான் கண்ணில் படும் ஓர் இரும்புத் தகடு. தலைமுடியைவிட மெல்லியது.

"இவ்ளோ பெரிய மெஷினு இதுக்கா மேடம்?"

"இதுக்குத்தான் மேரி அக்கா. அதுவும் ஒரே தடவை. அடிச்சப்பறம் இது இருக்காது."

அன்று சாயங்காலம் கணவன் ரெனால்ட்டிடம், துளி இரும்பை அமுக்க ஒரு பெரிய மெஷின் என்று சொன்னாள். அவன் அம்பர்நாத்தில் ஒரு ஃபேக்டரியில் இரும்பை அமுக்கி வளைக்கும் பிரஸ் ஓட்டுபவன்.

"எத்தன டன் பிரஸ்ஸு?" என்றான்.

"பிரஸ்ஸே கெடயாது. வெறும் வெளிச்சம்."

"வெளிச்சம் எங்கனயாவது இரும்ப அமுக்குமாடி?"

"வெளிச்சம் பட்ட மேல்தோலு வெடிச்சு வெளிய பறக்குதாம். அது இந்தப் பக்கம் பறக்க, மிச்ச இரும்பு அந்தப் பக்கம் நெருக்குப்படுது. தீவாளி ராக்கெட்டுல பொக கீழ போவ, அது மேல போவுதுல்லா, அப்படி. பூமிக்குள்ள மூவாயிரம் கிலோமீட்டர் போனா இரும்பு உருகிக் கடலாக் கெடக்காம். அங்க உள்ள அமுக்கம் இதுல வருமாம்."

ரெனால்ட் சாப்பிடுவதை நிறுத்தினான். "எவ்ளோ நேரம்?"

"கண்ணு சிமிட்டுத நேரத்த பத்து கோடித் துண்டா வெட்டுனா, அதுல ஒண்ணோ ரெண்டோ. பொறவு தூசிதான்."

"அதுக்குள்ள எப்படிப் படம் எடுக்க?"

"இன்னொரு லேசர் வேறொரு தகட்டுல அடிக்கும். அதுல இருந்து அதே நொடியில எக்ஸ்ரே கெளம்பி வரும். இரும்பு ஓடுததுக்கு முன்னால அதுக்குள்ள பூந்து வெளிய வந்துரும்."

முதல் சில மாதங்கள் ஒன்றும் சரியாக வரவில்லை. சில பிளேட்டுகள் முழுக்கக் கறுத்திருந்தன. சிலவற்றில் அமுங்காத இரும்பின் பழைய வளையங்கள் மட்டும். வளையம் என்றால் என்ன என்பதைச் சாதனா டீ குடிக்கும்போது விளக்கினாள். "இரும்புக்குள்ள அணுவெல்லாம் வரிசையா நிக்கறது. எக்ஸ்ரே அதுல பட்டுச் செதறி பிளேட்ல வளையமா விழும். அணுக்கள் நெருங்கி நின்னா வளையம் பெரிசாகும். அதைத்தான் தேடிண்டிருக்கோம்."

மழைக்காலத்தில் ஒரு மதியம், லேசர் அடிக்கும் முன் ஒலிக்கும் சைரன் கேட்டது. எல்லோரும் கட்டுப்பாட்டு அறைக்கு வந்து சேர்ந்தார்கள். பக்கத்து வீட்டுக் கதவைச் சாத்தியது போல ஒரு சத்தம். அவ்வளவுதான். அனுமதி கிடைத்ததும் லூர்து மேரி பிளேட்டை எடுத்துக்கொண்டு மங்கிய விளக்கு எரியும் தன் அறைக்குப் போய் ஸ்கேனரில் செருகினாள்.

திரையில் படம் வரிவரியாக இறங்கியது. பழைய வளையங்கள் தெரிந்தன. அவற்றுக்கு வெளியே, அகலமாக இன்னொன்று. அதற்கும் அப்பால் மங்கலாக ஒன்று.

எத்தனையோ பேருடைய நெஞ்சுக்குள் பார்த்திருக்கிறாள். இது யாருடைய நெஞ்சும் இல்லை, பூமியின் உட்புறம். யாரும் போகாத, யாரும் போகவே முடியாத ஆழத்தின் அமுக்கத்தில் இரும்பு எப்படி நெருக்கியடித்து நிற்கும் என்பது தாராவியிலிருந்து பஸ் ஏறி வந்த அவள் முன்னால் கிடந்தது. அந்த நிமிடத்தில் அதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது.

கதவருகே சாதனாவின் குரல். "அக்கா, ஏதாவது இருக்கோ?"

"டாக்டர் சொல்லு..." என்று வாய் தானாகத் தொடங்கிவிட்டது. பாதியில் நிறுத்தினாள்.

சாதனா சிரிக்கவில்லை. "இங்க நீங்களே சொல்லலாம் அக்கா."

லூர்து மேரி திரையில் விரலை வைத்தாள். "பெரிய வளையம் வந்திருக்கு மேடம். ரெண்டு."

சாதனா திரைக்கு முன்னால் வந்து நின்றாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நெருங்கிடுத்து," என்றாள் மெதுவாக. இருவரும் அந்த மங்கிய வெளிச்சத்தில் வளையங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களைக் கூப்பிட வேண்டும் என்பது கொஞ்சம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது.

சாதனா கொடுத்த பிரிண்ட்டை லூர்து மேரி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ரெனால்ட் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, விளக்குக்கு நேராகப் பிடித்தான்.

"இது இரும்பா?"

"இரும்புதான்."

"இருவது வருஷமா இரும்போட கெடக்கேன்," என்றான். பிரிண்ட்டை மடிக்காமல் அலமாரியில், பைபிளுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தான். மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது கேட்டான்: "அடுத்தாப்ல எத அமுக்கப் போறாங்க?"

"பிளாஸ்டிக்க. அதுல உள்ள கார்பன் நெருங்கி வைரம் ஆவுதான்னு பாக்கணுமாம். மணல் பொடியவிடச் சின்னதா."

ரெனால்ட் செருப்பை மாட்டாமல் நின்றான். வாசலுக்கு எதிரே, மறுசுழற்சிக் கிடங்கின் பிளாஸ்டிக் மூட்டைகள் சந்து முழுக்க அடைத்து இரண்டு ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. அவன் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றான்.