ஜமீலா மேடம் கேட்ட லாபக்காய்க் கேள்வி

ஜமீலா மேடம் இறந்துவிட்டார்களாம்.

காலையில் கிளாஸ் குரூப்பில் செய்தி வந்தது. மருமகள் கவிதா படித்துச் சொல்ல ஓடி வந்தாள். அதற்குள் நானே படித்துவிட்டேன்… இரண்டு முறை படித்தேன். அடக்கம் நேற்றே முடிந்துவிட்டதாம்.

மேடத்தை நான் நேரில் பார்த்ததில்லை. போனில்தான். உக்கடத்தில் இருந்த வீட்டிலிருந்து ஆன்லைனில் வியாபாரமும் பொருளாதாரமும் சொல்லிக்கொடுத்தார்கள். கவிதா தேங்காய் எண்ணெய் விற்கிறாள், அதற்காகச் சேர்ந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, என் பெயரையும் சேர்க்கச் சொன்னேன்.

நான் ஆனைமலையில் தேங்காய்க் களத்தில் மட்டை உரித்தவன். எழுத்துக் கூட்டக் கற்றது போன வருஷம்தான்… அறுபத்தெட்டு வயதில்.

மேடம் வீட்டு வாசல் ரோட்டில் ஹாரன் அடித்தால் பாடத்தை நிறுத்திவிடுவார்கள். "பஸ் போயிரட்டுங்க" என்று சிரிப்பார்கள். எனக்கு அது ரொம்ப வசதி. அதற்குள் திரையில் இருக்கும் ஒரு வரியைப் படித்துவிடுவேன்.

ஒரு நாள் குவிஸ் வைத்தார்கள். வியாபாரி ஆயிரம் தேங்காய் வாங்கினார், அறுநூறு விற்றார், மிச்சம் எத்தனை? நான்கு விடை இருந்தது. நான் ஐநூற்றைம்பதைத் தொட்டேன். தப்பு என்று சிவப்பில் வந்தது.

"நானூறுதானுங்களே மாமா! இதுகூடவா?" என்றாள் கவிதா.

"களத்துக்கு வந்து பாரு அம்மணி. லாபக்காய எங்க வெச்சே?"

எங்கள் பக்கம் நூறு காய்க்கு விலை பேசினால், மேலே பதினைந்து காயை வியாபாரி விலையில்லாமல் எடுத்துக்கொள்வார். அதுதான் லாபக்காய். ஆயிரம் வாங்கினால் வண்டியில் ஏறுவது ஆயிரத்து நூற்றைம்பது. நாற்பது வருஷம் எண்ணிப் போட்டவன்… எனக்கு நானூறு எப்படி வரும்?

அடுத்த கிளாஸில் மேடமே கேட்டார்கள். "சின்னச்சாமி அய்யா, ஐநூத்தம்பது எப்படீங்க வந்துச்சு? மைக்க ஆன் பண்ணிச் சொல்லுங்க."

"எழுதறனுங்க மேடம்" என்றேன். பேச்சு எப்போதும் இருக்கிறது. எழுதத்தான் ஆசை.

ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தொட்டேன். "அய்யா முடிக்கறதுக்குள்ள காயே முளைச்சுருமுங்க" என்று யாரோ போட்டார். சிரிக்கிற மூஞ்சிகள் வரிசையாக வந்தன. எனக்கும் சிரிப்புத்தான்.

"யாரும் போயிராதீங்க. அய்யா எழுதிட்டு இருக்கறாரு" என்றார்கள் மேடம்.

யாரும் போகவில்லை. நடுவில் மூன்று பஸ் போனது.

நான் எழுதியதை மேடம் எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினார்கள். பிறகு, "இது எனக்குத் தெரியாதுங்கய்யா. நான் கேள்விய எழுதுனதுதான் தப்பு" என்றார்கள். எனக்கு மார்க் போட்டார்கள். பச்சை டிக்! அன்று முழுவதும் கவிதாவிடம் அதைக் காட்டிக்கொண்டே இருந்தேன்.

கூடவே ஒரு கேள்வியும் கொடுத்தார்கள். "அந்தக் காயத் தர்ற விவசாயிக்கு அது என்னங்கய்யா? நட்டமா, தள்ளுபடியா? ரோசனை பண்ணி எழுதுங்க. அவசரமில்லீங்க, நான் இருக்கறேன்."

தினம் ஒரு வரி எழுதினேன். அழித்தேன். திரும்ப எழுதினேன்…

இடையில் கிளாஸ் நின்றது. மேடம் ஆஸ்பத்திரியில் இருப்பதாகக் குரூப்பில் சொன்னார்கள். அங்கிருந்தும் ஒரு மெசேஜ் வந்தது. "பதில் எங்கீங்கய்யா?"

"வருதுங்க மேடம்" என்று அனுப்பினேன்.

"வாய்ஸ்ல சொல்லி அனுப்பிப்போடுங்க மாமா. படுத்துட்டே கேட்டுக்குவாங்க" என்றாள் கவிதா. நான் கேட்கவில்லை. எழுத்தில்தான் கொடுப்பேன் என்று ஒரு பிடிவாதம்.

சொல்லி அனுப்பியிருக்கலாம்…

செய்தி படித்த பிறகு உட்கார்ந்து எழுதினேன். மத்தியானம் எழுதி முடித்தேன். கிளாஸ் ஆப்பில் பதில் போடும் பெட்டியை மூடிவிட்டார்கள். அதனால் இங்கே என் பக்கத்தில் போடுகிறேன்.

மேடம், என் பதில்:

விவசாயிக்கு அது தள்ளுபடிதான். ஆனால் வியாபாரி விலையைக் குறைக்கச் சொல்வதில்லை, காயைக் கூட்டச் சொல்கிறார். அதனால் குறைந்தது கண்ணுக்குத் தெரியாது. ஆயிரம் காய்க்குப் பேசிய விலையை ஆயிரத்து நூற்றைம்பதால் வகுத்தால்தான் ஒரு காய்க்கு உண்மையில் என்ன வந்தது என்று தெரியும்.

இப்படிக்கு, சின்னச்சாமி, ஆனைமலை.

எழுதி முடிச்சுட்டனுங்க மேடம்… நீங்க போயிட்டு வாங்க.