ஊற்றிக் காட்டிய எண்ணெய்

மழை வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் ஆற்றில் படர்ந்ததற்கு அடுத்த ஆடியில், ஒரு வெள்ளிக்கிழமை நாளிதழில் அந்த அறிவிப்பு வந்தது. நீரில் மிதக்கும் எண்ணெயை அகற்றப் புதுமையான கருவி செய்பவர்களை அரசு ஊக்குவிக்கும். தேர்வாகும் கருவியை ஆற்றிலேயே நிறுத்தும். இப்படிப்பட்டவற்றைக் கத்தரித்துத் தேதி போட்டு வைப்பது என் வழக்கம். இதை மட்டும் எதிர்வீட்டு நண்பரிடம் கொடுத்தேன்.

அவர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்த வெல்டர். அவருடைய மனைவி ஆற்றில் கழுத்தளவு நீரில் நின்று, பறிக்கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டு, கையால் துழாவி இறால் பிடிப்பவர். எண்ணெய் வந்த பிறகு, எர்ணாவூர் மீன் சந்தையில் அந்த இறாலை முகர்ந்து பார்த்துவிட்டு எல்லோரும் நகர்ந்து போனார்கள்.

இரண்டு பிளாஸ்டிக் பீப்பாய், ஒரு பழைய வாஷிங் மெஷின் மோட்டார், எண்ணெயை மட்டும் ஒட்டியெடுக்கும் ஓர் உருளை. நண்பர் செய்த கருவி அவ்வளவுதான். தேர்வாகிவிட்டது. புதன்கிழமை காலை ஆற்றங்கரையில் செயல்விளக்கம் என்றார்கள்.

சிறப்பு விருந்தினர் வருகிறார் என்று செவ்வாயன்றே கரையின் கறுப்பு மண்ணை வாரி, பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டார்கள்.

"எண்ணெய் எங்கப்பா?" என்றார் மறுநாள் காலை வந்த அதிகாரி.

"சேத்துக்கு அடியில கீது சார். கால வெச்சா மேல வரும்."

"கேமராவுல தெரியணுமேப்பா."

மெக்கானிக் கடையிலிருந்து பழைய இன்ஜின் ஆயில் கேன்களில் வந்தது. மிதவை கட்டிய கயிற்றை வளைத்துப் போட்டு, அதற்குள் ஊற்றச் சொன்னார்கள். நண்பர் கேனைத் தூக்க, அவர் மனைவி கையைப் பிடித்துத் தடுத்தார்.

"யோவ், ஆத்துல கீற எண்ணெய எடுக்கறேன்னு ஆத்துலயே ஊத்துறியே, புத்தி கெட்டுப்போச்சா?"

"கம்முனு இருமே. இன்னிக்கு பாஸ் ஆச்சுன்னா மிஷினு இங்கியே நிக்கும். அப்பால உன் இறால எவன் மோந்து பாப்பான்?"

ஊற்றினார். விருந்தினர் வரவில்லை. வெயில் ஏறியது. ஓதம் இறங்கத் தொடங்கி, நீர் முகத்துவாரத்தை நோக்கி இழுத்தது. அந்தப் பக்கம்தான் நண்பரின் மனைவி இறால் பிடிக்கும் இடம்.

"சார், தண்ணி திரும்பிச்சு. இப்பவே ஓட்டிரட்டுமா?"

"ஐயா வந்துதான் சுவிட்ச் போடணும். கொஞ்சம் பொறு."

எண்ணெய் கயிற்றுக்கு அடியில் நழுவிக்கொண்டிருந்தது. நண்பரின் மனைவி நீரில் இறங்கி, முந்தானையை விரித்து அணைகட்டப் பார்த்தார். புகைப்படத்தில் குறுக்கே நிற்கிறார் என்று கரையேறச் சொன்னார்கள்.

ஐயா வந்தார், சுவிட்சைப் போட்டார். கருவி நன்றாகவே ஓடியது. மிச்சமிருந்ததை உறிஞ்சி ஒரு பாட்டிலில் நிரப்பியது. பாட்டிலைத் தூக்கிப் பிடித்ததும் கைதட்டினார்கள். அன்று மாலையே கருவியைக் கண்காட்சிக்கு லாரியில் ஏற்றினார்கள். ஆற்றுக்கு அது திரும்பவே இல்லை. இப்போது ஓர் அலுவலக வாசலில், குரோட்டன்ஸ் தொட்டிகளுக்கு நடுவே நிற்கிறது. இந்த ஆண்டும் புதுமை வேண்டி அறிவிப்பு வந்திருக்கிறது.

செயல்விளக்கத்துக்கு மறுநாள், வியாழன். பாட்டிலின் படம் வந்த நாளிதழோடு கரைக்குப் போனேன். நண்பரின் மனைவி நீரிலிருந்து ஏறி, பறியைக் கவிழ்த்தார். ஓர் இறாலை எடுத்துத் தானே முகர்ந்தார். அதைக் கணவரின் மூக்கருகே நீட்டினார்.