பூஜைக்கு அணைத்த கணினி

மலேசியாவின் மூவாரில் ஒரு நாற்காலித் தொழிற்சாலை. அதன் ஆபீஸ் கணினி நான் அமைத்துக் கொடுத்தது. பட்டம் வாங்கியவனில்லை நான். பிரித்துப் போட்டுக் கற்றவன். இரண்டு டிஸ்க் வைத்திருந்தேன், ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதியும்படி. "ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு காப்பாத்தும்கா" என்று அங்கு கணக்கெழுதும் கிராணி அக்காவிடம் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை அக்காவின் போன்.

"தம்பி, பூஜைக்காக ஆஃப் பண்ணி, தொடச்சு, சந்தனம் வச்சேன். இப்போ எந்திரிக்கவே மாட்டேங்குது. சந்தனம் உள்ள போயிருக்குமா?"

போய்ப் பார்த்தால், மரம் அறுக்கும் மெஷினுக்கான அளவுகள் எல்லாம் அந்தக் கணினிக்குள். மெஷின் சும்மா நிற்கிறது.

"தவுக்கே பூஜையே வேணாம்னுதான் சொன்னாரு லா. நான்தான் கெஞ்சிக் கேட்டேன்" என்றார் அக்கா, முதலாளியின் அறையைப் பார்த்தபடி. குரல் உடைந்திருந்தது.

பென்டிரைவ் மூலம் கிளப்பித் தேடினேன். முதல் டிஸ்க் எப்போதோ செத்திருந்தது. இரண்டாவதில் எல்லாம் பத்திரம். ஆனால் கணினியை எழுப்பிவிடும் சின்ன நிரலை முதல் டிஸ்க்கில் மட்டும் போட்டிருந்தேன். அணைக்காமலே ஓடிக்கொண்டிருந்ததால் அது யாருக்கும் தெரியவில்லை.

"அக்கா, தப்பு என்னோடது."

"சும்மா ஆறுதல் சொல்லாதீங்க."

அதற்குள் தவுக்கே வந்துவிட்டார். யார் தப்பு என்று மலாயில் கேட்டார். அக்கா வாய் திறக்குமுன், "சாயா புஞா, தவுக்கே" என்றேன், என்னுடையதுதான் என்று. என்னை ஏற இறங்கப் பார்த்தார். மெஷின் எப்போது ஓடும் என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்தார்.

அந்த நிரலை இரண்டாவது டிஸ்க்கிலும் போட்டதும் கணினி எழுந்தது. மெஷின் சத்தம் கேட்டபிறகுதான் அக்கா முகம் கழுவப் போனார். டவுனில் புது டிஸ்க் வாங்கி வந்து, செத்ததற்குப் பதிலாக மாட்டினேன். எல்லாம் அதில் பதிந்து முடிய மாலையாகிவிட்டது. அதிலும் நிரலைப் போட்டுவிட்டுப் பையை எடுத்தேன். அக்கா மறித்தார்.

"எங்க கெளம்புறீங்க? ஒண்ணக் கழட்டிட்டு எழுப்பிக் காட்டுங்க."

பழையதைக் கழற்றினேன். புது டிஸ்க்கை வைத்தே எழுந்தது.

"சரி. இப்போ இதக் கழட்டிட்டு, அத."

"முதல்ல அத மாட்டி மறுபடி பதியவிடணும்கா. நேரமாகும்."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆகட்டும். கெட்டுப்போக இருந்தது என் பேரு. பாத்துட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்."