கண் சிரிக்கவில்லை

என் அக்கா புருஷனை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘சிரிங்க சார்’ என்றால்தான் தெரியும். முப்பது வருஷமாக போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். உதடு மட்டும் சிரித்தால் விடமாட்டார். “வாய் சிரிக்குது, கண்ணு சிரிக்கலையே!” என்பார். எப்பேர்ப்பட்ட கல்லுளிமங்கனையும் சிரிக்க வைத்துவிட்டுத்தான் பட்டனை அழுத்துவார். ஸ்டூடியோவிலேயே வளர்ந்த அவர் மகளுக்கும் அந்தப் பார்வை ஒட்டிக்கொண்டது. யார் பொய்யாகச் சிரித்தாலும் டக்கென்று கண்டுபிடித்துவிடுவாள்.

அதுதான் வினையாகப் போனது. அவள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்ட அன்று எடுத்த படத்தில் மச்சான் முகம் இறுகிக் கிடந்தது. “சம்மதம்னு வாயால சொன்னாரு, முகம் சொல்லலையே மாமா” என்று என்னிடம் பொருமினாள். அதன்பிறகு இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

அப்புறம் மச்சானுக்குக் கை நடுங்கி, படமெல்லாம் ஆட ஆரம்பித்ததும் டாக்டரிடம் போனோம். பார்க்கின்சன் நோய் என்றார். மூளைக்குள் டோபமின் என்று ஒன்று சுரக்கிறதாம். உடம்பை அசைக்கும் செய்தியை நரம்புக்கு நரம்பு கொண்டுபோவது அதுதானாம். அது குறைந்தால் கை கால் மட்டுமில்லை, முகமும் இறுகிவிடுமாம். மனசும் சேர்ந்து சோர்ந்துபோகுமாம். உள்ளே எவ்வளவு சந்தோஷம் இருந்தாலும் முகத்துக்கு வராதாம். அட கடவுளே, ஊரையே சிரிக்க வைத்த மனுஷனுக்கா இது!

உடனே அவளுக்கு போன் போட்டுச் சொன்னேன். “கதை விடாதீங்க மாமா. எங்க அப்பா முகம் எனக்குத் தெரியாதா?” என்றாள். பிடிவாதத்தில் அப்பனை உரித்து வைத்தவள். எனக்கு வந்த கோபத்துக்கு போனை உடைக்காமல் விட்டதே பெரிசு.

கடைசியில் அக்கா அழுது கூப்பிட்ட பிறகு, குழந்தையோடு வர ஒப்புக்கொண்டாள். மாத்திரை போட்டால் கொஞ்ச நேரம் மச்சான் முகம் இளகும். அவள் வரும் நேரத்துக்குக் கணக்காகப் போட்டுக்கொண்டு, ஸ்டூடியோ கண்ணாடி முன் உட்கார்ந்தார்.

“மாப்ள, கண்ணு சிரிக்குதா பாரு.”

சிரித்தது. சத்தியமாகச் சிரித்தது.

பஸ் தாமதம். அவள் வந்து சேர்ந்தபோது மாத்திரையின் வேகம் அடங்கிவிட்டது. அவர் முகத்தைப் பார்க்காமலே குழந்தையை மடியில் வைத்தாள். குழந்தை அண்ணாந்து அந்த அசையாத முகத்தையே பார்த்தது. பிறகு வீறிட்டு அழுதது. மச்சான் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

அவள் இப்போதுதான் அந்த முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து, அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

“அன்னைக்கும் இப்படித்தானாப்பா? உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்தீங்களா?”

ஆமாம் என்று மச்சான் தலையை ஆட்டப் பார்த்தார். அதற்கே வெகுநேரம் ஆனது.